எடுத்தியா, வெச்சியா

உன் இரண்டு பெட்டிகளும் என் மேசைமேல் ஓடிக்கொண்டிருக்கின்றன. சூடேறினால் முந்திரிக்கொட்டை வாசனை வருகிறது. உன் வீட்டுக்காரர் அவற்றை முந்திரிச் சாக்கில் சுற்றித்தான் பரணில் போட்டு வைத்திருந்தாராம். ரவுட்டருக்குள் இப்படி ஒரு வாசனை உலகத்தில் வேறு எங்கும் இருக்காது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உனக்கு எழுதியே தீரவேண்டும் போலிருந்தது.

ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ கேட்கமாட்டாய் என்பதால் வரிசையாகவே சொல்கிறேன்.

போன கல்லறைத் திருநாளுக்கு வரதராசன்பேட்டைக்கு வந்திருந்தேன். உன் கல்லறையில் செவ்வந்தி மாலை, நிறைய மெழுகுவத்தி. உன் மாமியார் வழியில் ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம புள்ள பொட்டிய வச்சிக்கிட்டு அப்புடி என்னதாம்மா வேல பாத்துச்சு?" என்று கேட்டார். நான் நெர்வஸாகிப் போனேன். உனக்குத் தெரியும், எனக்கு விளக்கிச் சொல்லவே வராது. கம்ப்யூட்டரோ ரவுட்டரோ எல்லாவற்றுக்கும் அடியில் கெர்னல் என்று ஒரு நிரல் ஓடுகிறது, அது யாருக்கும் சொந்தமில்லை, உலகம் முழுக்க ஆட்கள் எழுதி மெயிலில் அனுப்புவார்கள், மற்றவர்கள் படித்துக் குறை சொல்வார்கள், குறை தீர்ந்தால் சேர்த்துக்கொள்வார்கள், எழுதியவர் பெயர் அதோடு நிற்கும் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். உன் வீட்டுக்காரர் குறுக்கே வந்து, "சுருக்கமா சொல்றேன் பெரியம்மா. அவ எழுதுனது இன்னமும் ஓடிக்கிட்டு இருக்கு," என்றார். பெரியம்மா கும்பிட்டுவிட்டுப் போனார். ஏலாக்குறிச்சிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிற மனிதர் உன் வீட்டுக்காரர். உன்னைப் பற்றி அவரிடம் இருக்கிற மிகப் பெரிய செய்தியே அந்த ஒரு வாக்கியம்தான்.

அந்த வாக்கியத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

நீ எழுதிய திருத்தத்தை நினைத்துப் பார்க்கிறேன். நாம் வேலை பார்த்த சின்ன ரவுட்டர் கம்பெனி பெரம்பலூர் அறையைக் காலி செய்து, எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்ன காலம். உன் வீட்டில் ரவுட்டருக்கு மட்டும் பேட்டரி இருந்தது, எதிர்முனையில் இருந்த பெட்டிக்கு இல்லை. கரண்டு போகும், எதிர்முனை செத்துப்போகும், கேபிளில் தொடர்பு அறுந்துபோகும். அறுந்த நேரத்தில் அனுப்பக் காத்திருந்த தரவுப் பொட்டலங்களை உன் ரவுட்டர் கையில் வைத்துக்கொண்டே நிற்கும், கீழே வைக்காது. கரண்டு வரும், மறுபடி போகும். இப்படியே பிடித்துப் பிடித்து நினைவகம் நிரம்பி, சாயந்திரம் ரவுட்டர் மூச்சடைத்து நின்றுவிடும். "கரண்டு போயி தொடர்பு அறுந்துட்டா கையில இருக்குறத கீழ வைக்கணும்ல, கேபிள ஓட்டுற இந்த டிரைவர் நிரலு வைக்க மாட்டேங்குது," என்று கண்டுபிடித்துத் திருத்தம் எழுதி அனுப்பினாய். வெளிநாட்டிலிருந்து படித்தவர், எங்களால் இதை வரவழைத்துப் பார்க்க முடியவில்லையே என்று எழுதினார். நீ என்னிடம், "அவங்க ஊர்ல கரண்டு போனாத்தானடி," என்றாய். அப்புறம் அவருக்கு, கேபிளைக் கையால் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுங்கள் என்று மரியாதையாக எழுதினாய். அவரும் பிடுங்கிப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகும் ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். நெட்வொர்க் நிரலில் மட்டும் ஒரு வழக்கம், மாறிகளை அறிவிக்கும் வரிகளில் நீளமானது மேலே, குட்டையானது கீழே வரவேண்டும், தலைகீழ் கிறிஸ்துமஸ் மரம் மாதிரி. நீ மாற்றி எழுதியிருந்தாய். "வருஷா வருஷம் குடிலுக்குப் பக்கத்துல மரம் வைக்கிற வூட்டுக்காரி, என்கிட்டயே மரம் சரியில்லங்குறானுவ பாரேன்," என்று சிரித்தாய். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உனக்கு வரவில்லை. எப்போதும் கோபம் என் டிபார்ட்மென்ட், பொறுமை உன் டிபார்ட்மென்ட்.

போன வாரம் மெயில் வந்தது. எங்கோ ஒருவருடைய இயந்திரம், கேபிள் தொடர்பு அறுந்தால் அப்படியே செயலிழந்து விழுந்துவிடுகிறதாம். எந்தத் திருத்தத்திலிருந்து இப்படி என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் சோதித்துப் பார்த்திருக்கிறார். உன்னுடையதில் வந்து நின்றிருக்கிறது. உன்னுடையதை எடுத்துவிட்டால் விழவில்லை, சேர்த்தால் விழுகிறது. அந்தப் பகுதியைப் பராமரிப்பவர் பதில் எழுதியிருந்தார். எழுதியவரின் முகவரிக்கு அனுப்பிய மெயில் திரும்பி வருகிறது, பதில் இல்லை, வார இறுதிக்குள் யாரும் விளக்காவிட்டால் இதை நீக்கிவிடுவதே பாதுகாப்பு என்று. பரிசோதித்தவர் என்று உன் பெயருக்குக் கீழே என் பெயர் இருப்பதால் எனக்கும் வந்தது.

பதில் இல்லையாம். செத்துப்போனவள் எப்படிப் பதில் போடுவாள்? லேப்டாப்பைப் படாரென்று மூடிவிட்டு, சமையலறைக்குப் போய்க் காரணமே இல்லாமல் பாத்திரம் தேய்த்தேன். பிறகு திரும்பி வந்து, எழுதியவர் இப்போது நம்மோடு இல்லை, நான் பார்க்கிறேன், வார இறுதிவரை பொறுங்கள் என்று மட்டும் போட்டேன். புகார் சொன்னவரே முதலில் வருத்தம் தெரிவித்து எழுதினார், தெரியாமல் போய்விட்டது என்று. அவர் மேல் இருந்த கோபமும் போய்விட்டது. கோபம் போனதும் பயம்தான் மிச்சம். உண்மையிலேயே நீ தப்பு செய்திருந்தால்? நிரலில் தப்பு என்றால் நீக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் உன் வீட்டுக்காரரிடம் போய், அண்ணே, இனிமேல் அது ஓடாது என்று எந்த வாயால் சொல்வேன்?

அவரிடம் ரவுட்டர்களைக் கேட்டேன். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. உடையார்பாளையம் வரை ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருக்கிறது, அப்படியே அரியலூருக்கு வந்து கொடுத்துவிடுகிறேன் என்றார். பைக்கில் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் காபி குடித்து முடிப்பதற்குள் கேபிளைச் செருகிப் பிடுங்கிப் பார்த்தேன். விழவில்லை. எத்தனை முறை பிடுங்கினாலும் விழவில்லை. புகாரை மறுபடி படித்தேன். பெரிய தரவைத் துண்டு துண்டாக்கி அனுப்பும் ஒரு வசதி அவருடைய இயந்திரத்தில் இயங்குகிறது. நம் கம்பெனிப் பெட்டியில் அதை அணைத்தேதான் விற்றோம். அதை இயக்கிவிட்டு, பெரிய கோப்பு ஒன்றை அனுப்பிக்கொண்டே கேபிளைப் பிடுங்கினேன். பொத்தென்று விழுந்தது. ஒரே பொட்டலத்தை இரண்டு தடவை கீழே வைத்துவிட்டது என்று திரையில் வந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்னம்மா, அவ எழுதுனதுல எதும் கோளாறா?" என்றார்.

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். காபி டம்ளரை ஓரமாகத் தள்ளிவிட்டு, "ரெண்டு பேரும் போன்ல ஒண்ணு படிப்பீங்களே, எடுத்தியா வெச்சியான்னு. அத இதுக்குப் படிச்சாச்சா?" என்று கேட்டார்.

நான் மறந்தே போயிருந்தேன். இல்லை, மறக்கவில்லை. உன்னோடு அது போய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற பஸ்ஸில் தொடங்கிய பழக்கம் அது. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும். நான் நிரலை வாய்விட்டுப் படிப்பேன். நினைவகத்தில் ஏதாவது ஒன்றைப் பிடிக்கிற இடம் வந்தால் "எடுத்தேன்" என்பேன். நீ உடனே "வெச்சியா?" என்பாய். அதை விடுகிற வரியை நான் விரல் வைத்துக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் நீ மேலே போக விடமாட்டாய். "தெரியும்னு சொல்லாத, வெரல வெச்சுக் காட்டு." ஒருநாள் கண்டக்டர் நம் சீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "என்னம்மா தொலைஞ்சி போச்சு, காலைலேருந்து எடுத்தேன் வெச்சேன்னு தேடுறீங்க?" என்றார். நீ அவரிடம், "இன்னும் தொலையலைண்ணே, தொலைஞ்சிருமோன்னு பாக்குறோம்," என்றாய். அதற்குப் பிறகு அவர் நம்மைப் பார்த்தாலே, "கெடச்சிச்சா?" என்றுதான் டிக்கெட் கிழிப்பார்.

நீ போன பிறகு தனியாக அப்படிப் படித்துப் பார்த்திருக்கிறேன். கேட்பவளும் நானே, சொல்பவளும் நானே என்றால் எல்லாமே வைத்தாகிவிட்டது என்றுதான் வருகிறது. தன் வாய்க்குத் தானே யாரும் குறுக்கே நிற்பதில்லை.

"நீங்க கேளுங்கண்ணே," என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உன்னுடைய திருத்தத்தை முதலில் படித்தேன். நான் "எடுத்தேன்" என்றபோதெல்லாம் "வெச்சாச்சா?" என்றார். செபமாலையில் பதில் சொல்கிற அதே குரல், ஏற்ற இறக்கமே இல்லை. எல்லாவற்றுக்கும் விரல் வைத்துக் காட்டினேன். உன்னுடையது சுத்தமாக இருந்தது. பிறகு அதைச் சுற்றியிருந்த பழைய நிரல். நீ வருவதற்கு வெகுகாலம் முன்னால் யாரோ எழுதியது, நாமெல்லாம் கோயில் தூண் மாதிரி நினைத்துத் தாண்டிப்போனது. அந்த நிரல் பொட்டலத்தை அனுப்புவதற்கு வரிசையில் ஓர் இடத்தில் வைக்கிறது.

"பொட்டலத்த எடுத்தேன்."

"வெச்சாச்சா?"

"வெச்சாச்சு, இந்தா. வரிசையில எடம் எடுத்தேன்."

"வெச்சாச்சா?"

சின்னப் பொட்டலம் போகிற வழியில், அனுப்பி முடித்ததும் அந்த இடத்தைக் காலி என்று குறிக்கிற வரி இருந்தது. துண்டுகளாகப் போகிற வழியில் என் விரல் கீழே கீழே இறங்கிப் போயிற்று, வைக்க இடம் கிடைக்கவில்லை.

"வெச்சாச்சாம்மா?" என்று மறுபடி கேட்டார்.

வைக்கவில்லை. பொட்டலத்தை விட்டுவிட்டு, அது இருந்த இடத்தில் பெயரை மட்டும் அழிக்காமல் போயிருக்கிறார் அந்த யாரோ. ஆள் காலி செய்துபோன வீட்டில் பெயர்ப்பலகை தொங்குகிற மாதிரி. அவ்வளவு காலமும் அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்காததால் கெடுதல் இல்லை. நீதான் வந்து, கரண்டு போகிற ஊரிலிருந்து வந்தவள் என்பதால், தொடர்பு அறுந்ததும் ஒவ்வோர் இடமாகக் கதவைத் தட்டிப் பார்த்தாய். பெயர் தொங்கியதால் ஆள் இருப்பதாக நம்பி, ஏற்கெனவே வைத்ததையே மறுபடி கீழே வைத்தாய். உன் தப்பு இல்லையடி. அதைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தார். "பொழச்சிட்டாண்ணே," என்றேன். என்ன சொல்கிறேன் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் தண்ணீரை நீட்டிக்கொண்டே நின்றார்.

திருத்தம் ஒரே ஒரு வரி. இடத்தைக் காலி என்று குறிப்பது, அவ்வளவுதான். எந்தப் பழைய மாற்றத்தில் தொடங்கிய கோளாறு என்று கீழே குறிக்கிற வழக்கம் உண்டல்லவா, அந்த இடத்தில் உன்னுடையதை அல்ல, அந்தப் பழையதைக் குறித்தேன். குறித்தபோது உன் பேச்சு ஞாபகம் வந்தது. "அது குத்தம் சொல்றதுக்கு இல்லடி, பின்னாடி வர்றவங்களுக்கு வழி சொல்றதுக்கு." அதனால் அந்த யாரோவைத் திட்டி எழுதியிருந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். சோதித்தவர் என்று உன் வீட்டுக்காரர் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "எம்பேரு எதுக்கும்மா, நான் சும்மா கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்," என்று சிரித்தார். சுத்தமாகப் பரிசோதிப்பது என்றால் அதுதான் என்று அவருக்குத் தெரியவில்லை.

புகார் சொன்னவர் சோதித்துவிட்டு, இப்போது விழவில்லை என்று எழுதினார். பராமரிப்பவர் என்னுடையதைச் சேர்த்துக்கொண்டு, உன்னுடையதை நீக்கத் தேவையில்லை, அது சரியாகவே இருக்கிறது என்று ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரியை நான் படித்துக்கொண்டே இருந்தேன். இந்த வாரம் நன்றாகத் தூங்குகிறேன். பாத்திரங்களும் தப்பித்தன.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, செய்தியைக் காதால் கேட்க உன் வீட்டுக்காரரே வந்தார். "அப்ப ஓடுது," என்றார். "ஓடுதுண்ணே," என்றேன். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கிளம்பும்போது பெட்டிகளைச் சாக்கில் சுற்ற ஆரம்பித்தேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"நீயே எடுத்துக்கம்மா. அங்க பரண்லதான் கெடக்கும்."

"சரிண்ணே, எடுத்துக்கிட்டேன்."

அவர் பைக்கை உதைத்தார். உதைத்தபடியே, பழக்கதோஷம், "வெச்சாச்சா?" என்றார்.

"இல்லண்ணே," என்றேன். "இத வைக்கப் போறதில்ல."