மூன்று பிளஸ்

சோரியாங்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுவேதா அப்பாவுக்கு, தனக்கொடி எழுதுவது. சுவேதா நலம். நானும் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். போனில் உங்கள் குரல் உடைந்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் மஸ்கட் திரும்பும் அன்புராஜ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மார்பில் சதை எடுத்துச் செய்த சோதனையின் முடிவு வந்துவிட்டது. புற்றுநோய்தான். வளரச் சொல்லும் சேதியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் அந்தச் செல்களின் மேல் அளவுக்கு மீறி இருக்கின்றனவாம். அந்த ஏற்பிக்கு ஹெர் டூ என்று பெயர், எனக்கு மூன்று பிளஸ், அதுதான் உச்ச அளவு என்றார் டாக்டரம்மா. வேகமாக வளரும், திரும்பி வரவும் கூடிய வகை. முன்பெல்லாம் இந்த முடிவைப் பார்த்தால் டாக்டர்களுக்கே முகம் வாடிவிடுமாம். இப்போது அந்த ஏற்பியையே போய் அடைக்கும் மருந்து இருக்கிறது. குணமாகுமா என்று கேட்டேன். வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் தள்ளிப்போடாதீர்கள் என்றார். நாளைக்குக் கீமோவோடு சேர்த்து முதல் ஊசி போடுகிறார்கள்.

உங்கள் அண்ணன் சுப்பராயலு, சுவேதா கல்யாணம் முடியும்வரை வாயைத் திறக்காதே, ஊசியையும் ஐப்பசிக்கு மேல் வைத்துக்கொள் என்றார். முடி கொட்டினால் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடுமாம். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் கட்டி முகூர்த்தம் பார்த்தா வளரும்?

புடவை எடுக்க நாள் குறிக்க அவர்கள் வந்தபோது நானே சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா காபியைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணுக்கும் வருமா?" என்று கேட்டார். இந்த ஏற்பிக் கோளாறு கட்டியிலேயே உண்டானது, தாயிடமிருந்து மகளுக்குப் போவதில்லை என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். மகள் கொஞ்சம் முன்னதாகவே பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்றதையும் மறைக்கவில்லை. மறுநாள், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று போன் வந்தது.

"குடியைக் கெடுத்துட்டியேம்மா" என்றார் அண்ணன். சுவேதாதான் பதில் சொன்னாள். "போனா போவட்டும் பெரிப்பா. எங்கம்மாவ மறைச்சி வச்சி எனக்கு இன்னா கல்யாணம்?" பிறகு உள்ளே போய் அழுதாள். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

நீங்கள் அவர்களுக்குப் போன் போட்டுக் கெஞ்சக் கூடாது. நம் பெண் கெஞ்சிக் கொடுக்கிற பெண் இல்லை. பின்னலை நானே வெட்டிவிட்டேன். முக்காடும் போட மாட்டேன், தெருவில் எப்போதும் போல்தான் நடப்பேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். லீவு கிடைக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

உங்கள்
தனக்கொடி