மாடி மூலையில் நிற்கும் தண்ணீர்

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் இடுப்பு வலி குறைந்ததா?

இங்கே ஒரு மொட்டை மாடிக்குப் புது டைல்ஸ் பதித்தோம். எங்கள் மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, கன்னம் தரையில் படப் படுத்துப் பார்த்தார். நான் பதித்த இடத்தில் மட்டும் தண்ணீர் நின்றது.

"தண்ணி இங்கயே குடித்தனம் பண்ணுதேப்பா!" என்று சிரித்தார். திட்டவில்லை. ஆறு டைல்ஸைப் பெயர்த்து, தண்ணீர் ஓடும் வாட்டம் பார்த்து அவரே பதித்தார். மறுநாள் ஊற்றிய வாளித் தண்ணீர், சொட்டு மிச்சமில்லாமல் குழாய்க்குள் இறங்கியது. அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

நம் மாடியில் பதித்ததும் நான்தானே? ஒவ்வொரு மழைக்கும் துடைப்பத்தோடு ஏறி மூலைத் தண்ணீரைத் தள்ளுகிறாய். ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதைச் சரிசெய்ய வேறு ஆளைக் கூப்பிட்டுவிடாதே. நான் வந்து பெயர்க்கிறேன். அதுவரை வழுக்கும், பார்த்துக் கால் வை.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்