மழை தேடி எம் மகளை அனுப்பாதீர்

அலையும் மலையும் நிலைபெறுக. வெண்டிரை நாட்டின் துறைகளுக்கெல்லாம் உரியவளும் கலம் செலுத்துவோர்க்குக் காவலுமாகிய கானல்மாதேவி எழுதுவிக்கும் ஓலை, குன்றவாயில் நாடாளும் கோமகனார், எம் அருமை மருமகனார் இளவேங்கையார் திருமுன் சேர்க. நும் சரிவுகளில் தினை விளைக; நும் சுனைகள் நிறைக; நும் குடிகள் பசியறியாது வாழ்க.

நும் தூதர் நாகனார் வந்து, உப்புக் காற்று ஒவ்வாமல் தும்மிக்கொண்டே செய்தி உரைத்தார். எம் மகள் பவளமாதேவி மணமகளாய் நும் எல்லையை மிதித்த நாளில் மழை பொழிந்ததால் குடிகள் அவளுக்கு ‘மழை கொணர்ந்த நங்கை’ என்று பட்டம் சூட்டினர் என்றும், இவ்வாண்டு மழை பொய்த்தமையால் அவளைக் கடற்கரைக்கு அனுப்பி, மீண்டும் மழையோடு அழைத்துவர அவையோர் வேண்டுகின்றனர் என்றும், நும் மனம் இன்னும் துணியவில்லை என்றும் கூறினார். துணியாத அம்மனத்துக்கு முதலில் எம் நன்றி.

மருமகனாரே, மழை யாம் கொடுத்த சீர்வரிசை அன்று. கதிரவன் கடலைச் சுட நீர் ஆவியாய் எழுகிறது. காற்று அதைச் சுமந்து நும் மலைமேல் ஏற்ற, அங்கே குளிர்ந்து மழையாகிறது. கடலும் காற்றும் கணவன் மனைவி போல. கடலின் வெம்மை காற்றின் போக்கை மாற்றும். காற்றின் வேகம் கடலைக் குளிர்விக்கும். முதலில் முகம் திருப்பியவர் யார் என்று மூன்றாமவர் சொல்ல இயலாது. இவ்வாண்டு கீழ்த்திசைத் தொலைகடல் வழக்கத்தினும் வெம்மையுற்றதென்றும், மேகமெல்லாம் அங்கேயே கொட்டித் தீர்ப்பதாகவும், நம் பக்கம் வரவேண்டிய காற்று வலியிழந்ததாகவும் திரும்பிவந்த எம் மாலுமிகள் கூறுகின்றனர். இங்கே எம் கலங்களின் பாய்களும் தொங்கிக் கிடக்கின்றன. அக்கடல் ஆறும்வரை பொறுக்கத்தான் வேண்டும். அதுவரை நும் குடிகள் உண்ண, எம் களஞ்சியத்து நெல்லும் கருவாடும் பொதிமாடுகளில் ஏற்றி அனுப்பினோம்.

பவளம் வந்தால் எம் பெற்ற வயிறு குளிரும். அரண்மனையில் நண்டுக் குழம்பு மணக்கும் நாளில் அவளை நினைத்து எமக்குச் சோறு இறங்குவதில்லை. ஆயினும் இவ்வாறு அனுப்பாதீர். மழையில்லாமல் திரும்பினால், அவள் எந்த முகத்தோடு நும் கோட்டை வாயிலில் நிற்பாள்?

ஆகவே மாமியாராய்க் கெஞ்சுகிறோம். ஒருமுறை மட்டும் அரசியாய் ஆணையிடுகிறோம். அந்தப் பட்டத்தை இன்றே நீக்குக. நாளை மழை வரும்போது அவளால் வந்தது என்று யாரேனும் வாழ்த்தினால், அவ்வாழ்த்தையும் தடுத்தருள்க. அதுவே அடுத்த வறட்சியில் பழியாகும். மழை பெய்து ஓய்ந்தபின், வழியெல்லாம் சேறாயிருந்தாலும், நீரே அவளை அழைத்து வருக. மழைக்காக அன்று, அம்மாவைப் பார்க்க.

இவ்வோலை எம் நங்கூர முத்திரை பெற்றது. அவையில் உரக்கப் படித்து, பின் அவள் கையில் தருக.