மருமகனின் ஆயுள் பாலிசி

14-3-1968, வியாழன்

எழுத வேண்டியவை: 1. மருமகன் கேட்டது. 2. நான் சொன்ன இரண்டு காரணங்கள். 3. சரோஜா சொன்னது.

காக்களூர் பட்டறையில் வேலை பார்க்கும் மருமகன் முழு ஆயுள் பாலிசிப் படிவத்தோடு வந்தார். "இத்த போடலாமா மாமா? நாளைக்கு ஏஜென்ட் வந்துருவாரு" என்றார்.

வேண்டாம் என்றேன். தள்ளாத வயதிலும் பிரீமியம் கட்ட வேண்டியிருக்கும். அதோடு, உயிரோடு இருக்கும்வரை பணம் கைக்கு வராது. இருபது வருடத்தில் முதிரும் பாலிசியே மேல் என்றேன்.

"செத்தவனுக்கு டப்பு இன்னாத்துக்கு, அதானே மாமா?" என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போனார்.

மகள் சரோஜா சமையலறையிலிருந்து வந்தாள்.

"நல்லா சொன்ன போ, நைனா. இவரு கைக்கு வந்தா இவரு தம்பிங்க உட்டுவெப்பாங்களா? என் வளையலு எங்க போச்சுன்னு நெனச்ச? இவருக்கு அப்பறம் வந்தாதான் எனக்கும் புள்ளைக்கும் நிக்கும்."

வளையலைப் பற்றி எனக்கு இதுவரை தெரியாது. நான் கட்டுபவரை மட்டுமே நினைத்துப் பேசியிருக்கிறேன்.

ஏஜென்ட் வருவதற்குள் மருமகனிடம் மாற்றிச் சொல்ல வேண்டும். வளையலைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. முதல் காரணம் இப்போதும் சரியென்றே படுகிறது. இரண்டாவது தவறு.