இரண்டு கூடைச் சாளை

ஜூலை 9
காலையிலிருந்து புழுதிக் காற்று. காயப்போட்ட வேட்டியைத் திரும்பவும் துவைத்தேன். அவர் கட்டிலைவிட்டு எழவில்லை. பார்க்கின்சன் மாத்திரை வேளை தவறாமல் கொடுக்கிறேன். வலது கை ஆட்டம் குறைந்துதான் இருக்கிறது. பிறகு ஏன் இப்படி?

எல்லாம் அந்தச் சாளைக் கூடையால் வந்தது. திரேஸ்புரம் மீன் ஏலத்தில் கையைத் தூக்கினால் விலை கேட்டதாக அர்த்தம். போன மாதம் இவர் கை தானாக ஆட, ஏலக்காரர் கூடையை இவர் தலையில் கட்டிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். மறுநாளிலிருந்து வியாபாரத்துக்குப் போகவில்லை. வெட்கம், தானே ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 11
மகள் போன். பேத்தி பேச வந்தாள். இவர் அப்புறம் பேசுவதாகச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டார். பேத்தி என்றால் உயிரை விடுகிற மனுஷன். அண்ணாச்சி ஏன் உம்மென்று இருக்கிறார் என்று எதிர்வீட்டு அக்கா. நோயில் முகம் இறுகிவிடும் என்று சொல்லிவைத்தேன். இவர் ஒரு இட்லியோடு சரி. எரிச்சலாக வருகிறது. அழுகையும்.
வாங்க: புளி, பல்பு, அவருக்குப் பனியன்.

ஜூலை 14
ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கையைப் பார்த்துவிட்டுத் தூக்கம், பசி எல்லாம் விசாரித்தார். பிறகு சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். இவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்:
"சாகணும்னு இல்லம்மா. விடிஞ்சா, ஏன் விடிஞ்சுதுன்னு இருக்கு."
பக்கத்திலேயே படுக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

முகம் இறுகுவது வேறு, மனம் சோர்வது வேறு, இந்த நோயில் இரண்டும் வரும் என்றார் டாக்டரம்மா. மனச்சோர்வுக்குத் தனி மாத்திரை. பலன் தெரியச் சில வாரமாகும், நடுவில் நிறுத்தக் கூடாது. வாராவாரம் ஆலோசகரிடம் பேச வேண்டும். தினமும் நடை. சாகிற எண்ணம் வந்தால் உடனே கூட்டிவர வேண்டும்.

ஆகஸ்ட் 2
பெரிய மாற்றம் இல்லை. கடற்கரை வரை நடந்தோம். ஏலம் நடக்கிற பக்கம் திரும்பவில்லை. நானும் இழுக்கவில்லை.

ஆகஸ்ட் 19
பேத்திக்கு அவரே போன் போட்டார். அரைமணி நேரம். அடுப்படியில் நின்று ஒட்டுக்கேட்டேன். குழம்பு அடிபிடித்துவிட்டது. போகட்டும்.

ஆகஸ்ட் 27
காற்று இல்லை. கோயிலில் பூசை முடிந்து வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. போனும் எடுக்கவில்லை. டாக்டரம்மா சொன்னதுதான் காதில். தெருமுனை வரை ஓடினேன். ஆட்டோ வந்து நின்றது. இவர் இறங்கினார். பின்னால் இரண்டு கூடைச் சாளை.
மறுபடியும் கை ஆடிவிட்டதா என்று கேட்டேன்.
"ஆடத்தான் செஞ்சுது. அதான் ஏளா, இடது கையைத் தூக்கிக் கேட்டேன்."
இரண்டு கூடை. ஆய்ந்து முடிக்க மத்தியானமாகும்.