பின்வளவு ஈச்சுரமூலி

08.01.1981 வியாழன்

சரீபா டீச்சர் இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வண்ணத்துப்பூச்சி வளர்க்கிற வலைவீட்டுக்குள் பத்துப் பத்துப் பேராக விட்டேன். புழுவைக் கண்டதும் பாதிப் பேர் "மயிர்க்கொட்டி! மயிர்க்கொட்டி!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் ஊரவிட்டுக் காட்டினேன். கறுப்பும் சிவப்புமாக முள் முளைத்ததுபோல் இருக்கும். தொட்டால் பஞ்சு.

"டீச்சர், கடிக்காதா?"

"கடிக்காது மகள்."

நான் டீச்சர் இல்லை என்று சொல்லவில்லை. உயர்தரம் பாஸ் பண்ணி, டீச்சர் நியமனம் வரும் வரும் என்று மூன்று வருஷமாக அட்டாளைச்சேனையில் வாப்பா வீட்டில் இருக்கிறவள். டீச்சர் என்று கூப்பிட்டால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

உண்மையான விஞ்ஞான வாத்தியார் காலிதீன் மச்சான், என் அக்கா ஹாஜறா ராத்தாவின் மாப்பிள்ளை. வீட்டுக்குப் பின்னால், பின்வளவுப் பத்தைப் புதரில் ஈச்சுரமூலிக் கொடி படர்ந்து கிடப்பதைக் கண்டவர் அவர்தான். கமுகஞ் சலாகையும் நுளம்புவலைத் துணியும் வைத்து வலைவீடு கட்டி, 'வண்ணத்துப்பூச்சிப் பண்ணை' என்று பலகையும் எழுதி மாட்டினார். பிறகு சவூதிக்குப் போய்விட்டார். பண்ணை என் தலையில்.

14.01.1981 புதன்

எறும்பு. பதினான்கு கூட்டுப்புழு போய்விட்டது. தட்டின் கால்களுக்குக் கீழே தண்ணீர்ச் சிரட்டை வைக்க மறந்தது நான்தான். இன்று முழுக்க ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கிணற்றடிக்கும் வலைவீட்டுக்கும் நடந்தேன்.

02.02.1981 திங்கள்

சாய்ந்தமருதிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்திருக்கிறது. பெயர் றஸாக். நீர்ப்பாசனக் கந்தோரில் படம் வரைகிற வேலை. உம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நம் ஊர் வழக்கம், கல்யாணத்துக்குப் பெண்ணின் பக்கம்தான் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். ராத்தாவுக்கு முன்வளவில் வீடு கட்டியாயிற்று. எனக்கு எழுதி வைத்திருப்பது பின்வளவு.

பின்வளவில் பண்ணை இருக்கிறது.

நான் அதைச் சொல்லவில்லை. வாப்பாவே சொன்னார்: "அந்தப் பத்தைய வெட்டாம ஊடு எங்க வைக்கிற?"

உம்மா சட்டியைக் கழுவிக்கொண்டே, "பத்தையா பெரிசு? புள்ளட வாழ்க்கையா பெரிசு?" என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை?

12.02.1981 வியாழன்

மாப்பிள்ளையின் உம்மா வளவு பார்க்க வந்தார். நல்ல பட்டுச் சாரி. சாப்பாடு முடிந்து முருங்கை மரத்தடியில் நின்று உம்மாவோடு கதைத்துக்கொண்டிருக்கையில் கழுத்தில் மயிர்க்கொட்டி விழுந்துவிட்டது. ஒரு நிமிஷத்தில் தடித்துச் சிவந்து போயிற்று. உம்மா ஓடி ஓடி எண்ணெய் பூசினார். நான் சொன்னேன், இது முருங்கைப் புழு, நாங்கள் வளர்க்கிறது இல்லை, நாங்கள் வளர்க்கிறது கடிக்காது என்று. யார் கேட்கிறார்கள்!

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "சம்பந்தம் எங்களுக்குப் பொருத்தம்தான். ஆனா இந்தப் பூச்சி புழுவெல்லாம் ஒண்டும் மிச்சமில்லாம போகோணும். சின்னப் புள்ளைகள் தவழுற வளவாக்கும்."

வாப்பா "ஓம், ஓம்" என்றார்.

20.02.1981 வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு றஸாக்கே வந்தார், வளவை அளக்க. வாப்பா கூலியாட்களோடு கதைக்க முன்னுக்குப் போய்விட்டார். ராத்தாவின் இடுப்பில் பிள்ளை. அளவு நாடாவின் மற்ற நுனியைப் பிடிக்க ஆளில்லாமல் நான் பிடித்தேன். மெலிந்த ஆள். குனிந்து குனிந்து இலக்கம் எழுதினார். கொடிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார்.

"இது என்ன கொடி?"

"ஈச்சுரமூலி. சிவத்த உடம்புள்ள வண்ணத்துப்பூச்சி இதில மட்டும்தான் முட்டையிடும். புழு வேற இலை தின்னாது. பட்டினி கிடந்து சாகும்."

"இதை விட்டா வேற எங்க இரிக்கி?"

"நிந்தவூரில இருந்து அக்கரைப்பற்று மட்டும் மச்சான் சைக்கிள்ள தேடினவர். இதோட மூணு இடம். ரெண்டு இடத்துல இப்ப ஊடு."

ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "வேற இடத்துல கொண்டு போய் நட ஏலாதா?" என்றார்.

சண்டைக்குக் கேட்டதல்ல. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. இந்தக் கேள்வியை நான் அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?

21.02.1981 சனி

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. இதை எழுதிவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை.

19.03.1981 வியாழன்

போன மாதக் கடைசியில் சரீபா டீச்சரின் பள்ளிக்கூடக் கிணற்றடியில் இருபது தண்டு நட்டோம். பிள்ளைகள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். இருபதும் கருகிவிட்டன. கடல் பக்கத்து மண், உப்பு. போன கிழமை விதை போட்டேன். அதுவும் முளைக்கவில்லை.

வளவில், பத்தை நிழலில் வைத்த தண்டுகள் மட்டும் துளிர்த்திருக்கின்றன. கொடிக்கு வேர் நிலத்தில் மட்டும் இல்லை போல. அந்தப் பத்தை முழுவதும் அதற்கு வேண்டும்.

இடம் மாற்றினால் இரண்டும் கிடைக்கும் என்று நினைத்தேனே. அவரும் வேண்டும், கொடியும் வேண்டும்.

11.04.1981 சனி

மச்சானின் கடிதம் வந்தது. நான் எழுதிய மூன்று பக்கத்துக்கு அவர் எழுதியது ஒன்றரைப் பக்கம். அதில் முக்கால் பக்கம் ராத்தாவின் பிள்ளையைப் பற்றி. எனக்கு: "வளவு உம்முடையது. நான் அந்த வீட்டுக்கு வந்த மருமகன். வெட்டு என்றும் சொல்ல மாட்டேன், வெட்டாதே என்றும் சொல்ல மாட்டேன். நீர் எது செய்தாலும் நான் குறை நினைக்க மாட்டேன்."

குறை நினைத்தாலாவது பரவாயில்லை! ஆளாளுக்கு என்னிடமே விட்டுவிடுகிறார்கள். நான் யாரிடம் விடுவது?

06.05.1981 புதன்

நடந்தது நடந்தபடி, ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் நியமன நேர்முகத்துக்குக் கல்முனைக்குப் போனேன். சரீபா டீச்சர் துணைக்கு வந்தார். நாலு மணி பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு வந்தால் பின்வளவில் வெளிச்சம். அந்த இடத்தில் எப்போதும் நிழல்தானே? ஓடினேன். பத்தையில் அரைவாசி தரையில் கிடந்தது. வலைவீட்டுச் சலாகைகளைக் கழற்றி ஒரு பக்கமாக அடுக்கியிருந்தார்கள். கூலியாட்கள் மூன்று பேர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றார்கள். மிச்சப் பத்தைக்கு முன்னால் ராத்தா, இடுப்பில் பிள்ளையோடு.

ராத்தா! வலைவீட்டுக்குள் ஒருநாளும் கால் வைக்காத ராத்தா. புழுவைக் கண்டால் சோறு இறங்காது என்கிற ராத்தா.

"இது என்ட மாப்பிள்ள வெச்ச சாமான். அவர் வாறமட்டும் ஒருத்தரும் கை வெக்கக் கூடா" என்று காலையிலிருந்து ஒரே கதையாம். தலையில் வெயில். பிள்ளை அழுது அழுது தூங்கிவிட்டது.

என்னைக் கண்டதும், "எங்க கா போன? எவ்வளவு நேரம் நான் நிக்கிற?" என்று என்னையே ஏசினார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வாப்பா வீட்டில் இல்லை. வேலையைச் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். நான் கல்முனைக்குப் போகிற நாள் பார்த்து.

07.05.1981 வியாழன்

சரீபா டீச்சரும் பிள்ளைகளும் வந்தார்கள். வெட்டிக் கிடந்த கிளைகளைப் புரட்டிப் புரட்டி எடுத்தோம். புழு நூற்று நாற்பது. கூட்டுப்புழு அறுபத்திரண்டு. முதல் நாள் கத்திக்கொண்டு ஓடிய பிள்ளைகள்தான்; இப்போது கையில் புழுவை வைத்துக்கொண்டு, "நசியாம பிடி கா" என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்கிறார்கள். புழுக்களை மிச்சக் கொடியில் விட்டோம். இலை போதுமா என்று தெரியாது. கூட்டுப்புழுக்களை நூலில் கட்டி என் அறைச் சுவரோரம் கயிறு கட்டித் தொங்கவிட்டேன்.

வாப்பா இறுகிப்போய் இருக்கிறார்; மிச்சத்தை வெட்டச் சொல்லவும் இல்லை.

12.05.1981 செவ்வாய்

செய்யக் கூடாத ஒன்றைச் செய்துவிட்டேன். றஸாக்குக்குக் கடிதம் எழுதினேன். மூன்று முறை எழுதிக் கிழித்து நாலாவது முறை. கந்தோர் விலாசத்துக்கு, நானே தபால் பெட்டியில் போட்டேன். வெட்டிய பக்கத்தில் சின்ன வீடு கட்டலாம், மிச்சத்தை அப்படியே விட உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். சம்மதம் இல்லாவிட்டால் என்னை மன்னித்து வேறு இடம் பாருங்கள் என்றும் எழுதினேன்.

கடைசி வரியை எழுதாமல் விட்டிருக்கலாம்.

16.05.1981 சனி

ஒன்றும் இல்லை.

20.05.1981 புதன்

தபால்காரர் வந்தார். வாப்பாவுக்கு வயல் பற்றி ஒரு கமநலக் கடிதம். வேறு இல்லை. பத்தொன்பது பூச்சிகள் வெளிவந்தன. சிறகு காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதத்தையேதான் நினைத்தேன்.

29.05.1981 வெள்ளி

பதில் வந்தது. அழகான எழுத்து. "உங்கள் கடிதத்தை உம்மாவிடம் காட்டினேன். அவவுக்கு விருப்பமில்லை. அவவை மீறி எனக்கு ஒன்றும் செய்ய ஏலாது. நீங்கள் சொன்னது நியாயம்தான்."

நியாயம்தானாம். ஏன் காட்ட வேண்டும்? நான் எழுதியது அவருக்கல்லவா?

அவர் பொய் சொல்லாத ஆள். அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

05.06.1981 வெள்ளி

பள்ளிவாசலில் யாரோ வாப்பாவைக் கேட்டார்களாம்: "அச்சிமுகம்மது, உண்ட மகள் மாப்பிள்ளைக்குக் கடிதம் போட்டவளாமே?" சாய்ந்தமருதில் சொன்ன கதை பஸ் ஏறி இங்கே வந்துவிட்டது.

வாப்பா தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து என் அறை வாசலில் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். உம்மா குறுக்கே வந்தார். வாப்பா கையால் விலக்கினார்.

"கடிதத்துல என்ன எழுதின?"

கிழித்த பிரதிகளில் ஒன்று மெத்தைக்குக் கீழே இருந்தது. ஒட்டவைத்துக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். வாப்பா மெதுவாகத்தான் வாசிப்பார். எவ்வளவு நேரம்!

"இதில ஒரு பிழையும் இல்லையே" என்றார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார். "இந்தக் கொடி போனா இந்தக் கரையில அந்தப் பூச்சி இல்லாமப் போகுமா? மெய்யா?"

"மெய்தான் வாப்பா. புழு வேற ஒண்டும் தின்னாது."

"அப்ப எனக்கு ஏன் சொல்லல்ல?"

முப்பத்தொரு பிள்ளைகளுக்குச் சொன்னேன். முன்பின் தெரியாத ஒரு மனிதருக்கு நாடாவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். மச்சானுக்கு மூன்று பக்கம் எழுதினேன். ஒரே வீட்டில் இருக்கிற வாப்பாவுக்கு ஒருநாளும் சொல்லவில்லை. வெட்டச் சொல்லுவார் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

"நான் பத்தையெண்டு நினைச்சன் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்.

19.07.1981 ஞாயிறு

நோன்பு பதினாறு. பகல் நீண்டு கிடக்கிறது. ராத்தாவும் நானும் வலைவீட்டைத் திரும்பக் கட்டினோம். ராத்தா துணி தைத்தார். உள்ளே மட்டும் வரமாட்டாராம். வெட்டிய பக்கத்தில் கொடி அடியிலிருந்து துளிர்க்கிறது. ஆனாலும் மனம் அடங்கவில்லை. சாய்ந்தமருது பஸ் போகிற சத்தம் கேட்டால் தலை திரும்புகிறது. சீ.

04.10.1981 ஞாயிறு

றஸாக்குக்கு மருதமுனையில் கல்யாணம் முடிந்ததாம். சரீபா டீச்சர் சொன்னார். "ஓ" என்றேன். பின்னேரம் அறுபது இலையைக் கழுவினேன், கழுவத் தேவையில்லாத இலைகள்.

11.01.1982 திங்கள்

நியமனம் கிடைத்து, ஒலுவில் பள்ளிக்கூடத்தில் இன்று கையெழுத்து வைத்தேன். விஞ்ஞானம், ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும். பிள்ளைகள் "டீச்சர்" என்றார்கள். இந்த முறை நெஞ்சு குறுகுறுக்கவில்லை.

ஆனால் பகலில் பண்ணையைப் பார்க்க யார்? வாப்பாவைக் கேட்கப் பயமாக இருந்தது. ராத்தா போய்க் கேட்டார். "எறும்புக்குச் சிரட்டையில தண்ணி ஊத்துற வேலைதானே?" என்றாராம் வாப்பா.

12.03.1982 வெள்ளி

நிந்தவூரிலிருந்து ஒரு சம்பந்தம். மாப்பிள்ளை மீராசா, கூட்டுறவுக் கடையில் வேலையாம். வளவு பார்க்க ஆறு பேர் வந்தார்கள். நான் குசினிக்குள். ராத்தா யன்னலோரம் நின்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாப்பா அவர்களை வீட்டுக்குள் கூட்டி வரவில்லை. நேரே பின்வளவுக்குக் கொண்டுபோனார். உம்மா, "முதல்ல இருக்கச் சொல்லுங்களேன்" என்று வாசலிலிருந்து கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

அவர் குரல் குசினிக்குக் கேட்டது.

"ஊடு இஞ்சால பக்கம் கட்டித் தாறன். நல்ல ஊடு. அங்கால பக்கம் இப்பிடித்தான் இரிக்கும், ஒரு தடியும் முறிக்க மாட்டம். புழு இரிக்கும். பள்ளிக்கூடப் புள்ளைகள் வரும் போகும். சம்மதமெண்டா உள்ள வாங்க, தேத்தண்ணி குடிப்பம். சம்மதமில்லாட்டியும் கோவமில்ல."

அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் ராத்தாவைப் பார்த்தேன். ராத்தா யன்னலை விட்டுத் திரும்பவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்து மூடி ஆடியது. இறக்கவும் தோன்றவில்லை.

பிறகு முன்வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு சோடி, இன்னொரு சோடி.

உம்மா குசினிக்குள் எட்டிப் பார்த்து, "ஏழு கோப்பை எடு புள்ள" என்றார்.