திரையில் எழும்பிய கையெழுத்து

இன்று கடைக்குப் புதுக் கணினி வந்தது. போட்டவுடன் திரை பளீரென்று முகத்தில் அடித்தது. கண் கூசி, வெளிச்சத்தைக் குறைக்கக் கை தானாகப் போனது. அது நீ பழக்கிய கை. நீ காய்ச்சலில் இறந்துபோய் ஒரு வருடமாகிறது.

கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் நாம் இருவரும் விண்ணப்பம் தட்டெழுதி, போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்த அதே கடைதான். நீ வேலைக்கு வந்த முதல் நாளே, உன் இடது கண் சண்டைக் காலத்தில் ஷெல் குண்டு பட்டுப் போனதை நீயாகவே சொன்னாய். "மற்றது நல்லா வேலை செய்யுது, பயப்பிடாதை."

நான் பின்னேரமானால் தலையிடியோடு கிடப்பேன். "எடியே, சூரியனை மேசையில வைச்சுக்கொண்டே வேலை செய்யிறாய்?" என்று கேட்டாய். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாதபடி என் மேசையைத் திருப்பினாய். வெள்ளைத் தாளொன்றைத் திரைக்கு அருகில் பிடித்து, இரண்டும் ஒரே அளவு வெளுப்பாகத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறைத்தாய். ஒரு கிழமையில் தலையிடி விட்டது.

பிறகொரு நாள் பளையிலிருந்து ஒரு அம்மா வந்தார். பொலித்தீன் பைக்குள், தண்ணீரில் ஊறிக் காய்ந்த கொப்பித்தாள் ஒன்று. "மகன் பள்ளிக்கூடத்தில எழுதினது. அவன்ர கையெழுத்தெண்டு இது ஒண்டுதான் இருக்கு பிள்ளை." மகன் எங்கே என்று நாம் கேட்கவில்லை.

நான் ஸ்கேன் செய்து, திரையின் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டிப் பார்த்தேன். வெள்ளை மட்டுந்தான். "ஒண்டும் இல்லையம்மா" என்றேன்.

நீ என்னை எழுப்பிவிட்டு அந்தக் கதிரையில் இருந்தாய். திரைச்சீலையை இழுத்தாய். மங்கல் நேரம்போலத் திரையைத் தணித்தாய். படத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கறுப்பாக்கினாய். இடையிடையே கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்தாய். உள்ள ஒரு கண்ணையும் களைக்க விடக்கூடாதென்று டொக்டர் சொன்னது எனக்குத் தெரியும்.

"விடடி, கண் போயிடும்."

"நான் அதை வெருட்டேல்லை. ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் பாக்கிறன்."

மத்தியானம் தாண்டி, அந்த வெறுமையிலிருந்து ஒரு 'ஆ' எழும்பியது. பிறகு ஒரு சொல். பிறகு முழு வரி: 'எங்கள் வீட்டில் இரண்டு ஆடுகள் உண்டு.' நீ வாசிக்க, அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"ரெண்டில்லை, மூண்டு! கள்ளன், ஒண்டை விட்டிட்டான்."

சிரிப்பு அப்படியே அழுகையானது. "கொஞ்சம் வெளிச்சமா வையுங்கோ பிள்ளை, எனக்கு வடிவாத் தெரியேல்லை."

நீ ஒரு கணமும் யோசிக்கவில்லை. வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினாய். அவர் எழுத்தெழுத்தாக விரலால் தடவி முடிக்கும்வரை திரையிலிருந்து முகம் திருப்பாமல் பக்கத்தில் இருந்தாய். உன் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டேயிருந்தது. அது வெளிச்சத்தாலா, வேறெதனாலா என்று நான் பிறகும் கேட்கவில்லை.

இப்போதும் மங்கிய தாள்களோடு ஆட்கள் வருகிறார்கள். சிலவற்றில் எவ்வளவு பார்த்தாலும் எதுவும் எழும்புவதில்லை. ஆனாலும் பார்த்தவுடன் "ஒண்டும் இல்லை" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. "இருங்கோ" என்று கதிரையைக் காட்டிவிட்டு, திரைச்சீலையை இழுக்கிறேன்.